பேர் தெரியாத வருத்தமும் பேர்போன குளிசைகளும்

குறிகாட்டுவான் இறங்குதுறையில் படகுக்குக் காத்திருக்கிற நேரம் எப்பவுமே நீளமானது. போன வருசம் ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் ஐந்து பேர் அங்கை நிண்டம். எல்லாரும் கலைப்பீடத்துப் பெடியள். ஒருத்தன்ரை போனில் ஒரு விளம்பரம் ஓடினது. ஆண்குறி வளைவா? மூண்டே மாதத்தில் நேராகும், சத்திரசிகிச்சை வேண்டாம், முழுக்க இயற்கை. நல்ல தமிழ்க் குரல், பின்னாலை புல்லாங்குழல். நாங்கள் சிரிச்சம், கொஞ்சம் சத்தமாவே.

பக்கத்தில் சீமெந்துக் கட்டில் இருந்த ஒரு அண்ணா மட்டும் சிரிக்கேல்லை. படகில் ஏறி எஞ்சின் சத்தம் தொடங்கின பிறகு, வேறை ஒருத்தருக்கும் கேக்காது எண்டு தெரிஞ்ச பிறகு, எங்களுக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். "தம்பியவை, அந்தக் குளிசை உண்மையா வேலை செய்யுமோ?"

அவருக்கு ஏழு மாதமா அந்த வருத்தம் இருக்கு. டொக்டரிட்டைப் போகேல்லை. மனுசியோடைகூட அதைப் பற்றி வாய் திறந்து கதைக்கேல்லை. வெளிநாட்டிலை இருந்து வந்த சொந்தக்காரர் கொண்டுவந்த விற்றமின் போத்தல் ஒண்டு முடிஞ்சு, இரண்டாவது போய்க்கொண்டிருந்தது. அவருடைய பேரும் தீவும் இங்கே வராது. தீவுகள் சின்னன், சனம் ஒருத்தரை ஒருத்தர் அறியும்.

அண்டைக்கு எங்களிட்டைப் பதில் இருக்கேல்லை. சிரிச்சதுக்கு வெட்கம்தான் இருந்தது. நாங்கள் மருத்துவ மாணவர்கள் இல்லை. எங்களுக்குத் தெரிஞ்ச வழி, ஒரு விசயத்தின் வரலாற்றைத் தேடிப் போறது. அப்படிப் போய்க் கண்டதைத்தான் இங்கே எழுதுறம்.

வருத்தம் என்ன?

இதுக்குப் பெய்ரோனி நோய் எண்டு பேர். ஆண்குறிக்குள் இரத்தம் நிரம்புகிற இரண்டு பகுதிகள் நீளவாக்கில் இருக்கின்றன. அவற்றைச் சுற்றி உறுதியான ஒரு உறை. எழுச்சியின்போது அந்த உறை எல்லாப் பக்கமும் ஒரே அளவில் விரிய வேண்டும். உடலுறவின்போது படுகிற சின்னச் சின்ன அடிகளால் உறையில் நுண்ணிய காயங்கள் ஏற்பட்டு, சிலருக்கு அவை ஒழுங்காக ஆறாமல், கொலஜன் என்கிற நார்ப்புரதம் அளவுக்கு மிஞ்சிப் படிந்து தழும்பாகிவிடுகிறது என்பதுதான் இன்றைய விளக்கம். தழும்பு விரியாது. சைக்கிள் ரியூப்பின் ஒரு பக்கத்தில் தடிப்பான ஒட்டுப் போட்டுக் காத்தடிச்சுப் பாருங்கோ, ஒட்டுப் போட்ட பக்கம் இழுபட்டு ரியூப் வளையும். அதேதான் இங்கேயும் நடக்கிறது.

இது புற்றுநோய் இல்லை. பாலியல் தொடர்பால் தொற்றுகிற நோயும் இல்லை. சுய இன்பத்துக்குக் கிடைத்த தண்டனையும் இல்லை. நடுத்தர வயதில் இருக்கிறவர்களுக்குத்தான் கூடுதலாக வரும், இளம் ஆக்களுக்கும் வரலாம். நீரிழிவு உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. உள்ளங்கையில் தடிப்பு வந்து விரல்கள் மடங்குகிற டுபுய்ட்ரன் நோய் உள்ள சிலருக்கு இதுவும் சேர்ந்து வரும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிறப்பிலிருந்தே கொஞ்சம் வளைவாக இருப்பது வேறு. நோவும் இல்லை, தடிப்பும் இல்லை, வளைவு கூடவும் இல்லை எண்டால் அது பெய்ரோனி நோய் இல்லை. விளம்பரக்காரர் இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பயம் காட்டுகிறார்கள்.

அம்ஸ்ரடாம், லெய்டன், பாரிஸ்

ஒல்லாந்தர் 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு, எங்கட தீவுகளுக்குத் தங்கட ஊர்ப் பேர்களை வைத்தார்கள். ஊர்காவற்றுறையும் வேலணையும் இருக்கிற தீவு லெய்டன். புங்குடுதீவு மிடில்பேர்க். காரைநகர் அம்ஸ்ரடாம். நெடுந்தீவு டெல்ஃப்ற். மற்றப் பேர்கள் பழைய வரைபடங்களோடு போய்விட்டன, டெல்ஃப்ற் மட்டும் இங்கிலீசில் இண்டைக்கும் ஒட்டிக்கொண்டு நிக்குது.

இந்த நோயைத் தேடிப் போன எங்களுக்கு அதே பேர்கள் திரும்ப வந்தன. உண்மையான அம்ஸ்ரடாமில் நிக்கொலஸ் டுல்ப் எண்டு ஒரு வைத்தியர் இருந்தார். ரெம்பிராண்ட் 1632இல் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில், இறந்தவரின் கையை அறுத்து மற்றவர்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறவர் அவர்தான். 1641இல் வெளிவந்த தன் மருத்துவக் குறிப்புகளில் இப்படியொரு நோயாளியைப் பற்றி எழுதியிருக்கிறார். அதே நகரத்து உடற்கூற்று அறிஞர் பிரெடெரிக் ருய்ஷ் 1691இல் எழுதினார். இவர்களுக்கு முந்தியே, 1561இல், இத்தாலியில் பலோப்பியோ இதைக் கவனித்திருந்தார். ஆக, 1743க்கு முதலே பல பேர் இதைக் கண்டிருக்கிறார்கள். கண்ட ஒவ்வொருத்தரும் ஏதோ அபூர்வத்தைக் கண்டதுபோல எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். நோயாளிகள் வந்து சொன்னால்தானே அது அபூர்வமா சாதாரணமா எண்டு தெரியும்?

நோய்க்குப் பேர் கொடுத்தவர் பிரான்சுவா ஜிகோ த லா பெய்ரோனி. 1678இல் மொன்பெலியேயில் பிறந்தவர், பிரெஞ்சு அரசன் 15ஆம் லூயியின் சத்திரசிகிச்சை வைத்தியர். 1731இல் பாரிசில் சத்திரசிகிச்சைக்கென்று ஒரு கழகம் உருவாக முன்னின்றவர். அந்தக் காலத்தில் சத்திரசிகிச்சை செய்கிறவர்களும் முடிதிருத்துகிறவர்களும் ஒரே தொழிற்சங்கத்தில் இருந்தார்கள். இரண்டையும் பிரித்த அரச ஆணை வந்தது 1743இல். அதே 1743இல்தான் கழகத்தின் வெளியீட்டில் அவருடைய கட்டுரையும் வந்தது. உறுப்பின் நீளத்துக்குச் செபமாலை மணிகள்போலக் கட்டிகள் இருந்ததையும், அதனால் வளைவு ஏற்பட்டதையும் அதில் எழுதினார்.

அவர் சொன்ன மருந்து பிரனீஸ் மலையில் இருக்கிற பரேஜ் எண்ட இடத்துக் கந்தக ஊற்றுத் தண்ணி. எங்கட கன்னியா வெந்நீரூற்று மாதிரி ஒரு இடம் எண்டு நினையுங்கோ. அரசனின் வைத்தியர், பாரிசின் முதல் சத்திரசிகிச்சை அறிஞர், நோயைச் சரியாகக் கண்டார். ஆனால் மருந்து எண்டு வந்தபோது அவரிட்டையும் ஊற்றுத் தண்ணிதான் இருந்தது.

முந்நூறு வருசக் குளிசைப் பட்டியல்

அதற்குப் பிறகு வந்த காலத்தில் பாதரசம் கொடுத்தார்கள், அயடைட் கொடுத்தார்கள், மின்சாரம் பாய்ச்சினார்கள், 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ரேடியம் வைத்தார்கள். ஒவ்வொரு காலத்திலும் புதுசா எது பேசப்பட்டதோ அது இந்த நோய்க்கும் மருந்தானது. 1940களில் விற்றமின்களின் காலம். 1948இல் அமெரிக்க வைத்தியர்கள் இரண்டு பேர், ஸ்கொட், ஸ்கார்டினோ, விற்றமின் ஈயைப் புதுச் சிகிச்சையாக முன்வைத்தார்கள். 1959இல் பொட்டாபா எண்ட மருந்து வந்தது. அதை ஒரு நாளைக்கு 12 கிராம் எடுக்க வேண்டும். 500 மில்லிகிராம் குளிசையாக எண்டால் 24 குளிசை. மாதக்கணக்காக ஒவ்வொரு நாளும் 24 குளிசை விழுங்குகிற மனுசனை நினைச்சுப் பாருங்கோ. வயிறு தாங்காமல் பாதியில் விட்டவர்கள் கன பேர்.

எழுபத்தைந்து வருசமா விற்றமின் ஈ ஏன் போகாமல் நிக்குது? இந்தக் கேள்விக்கு விடை நோயின் போக்கிலேயே இருக்கு. பெய்ரோனி நோய்க்கு இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் நோ இருக்கும், வளைவு மாறிக்கொண்டிருக்கும். இது சில மாதங்கள், சிலருக்கு ஒன்றரை வருசம் வரைக்கும் போகலாம். பிறகு நோ பெரும்பாலும் தானாகவே போய், வளைவு ஒரு இடத்தில் நிண்டுவிடும். சிலருக்கு, எல்லாருக்கும் இல்லை, வளைவே தானாகக் கொஞ்சம் குறையும். இப்ப மூண்டாம் மாதம் குளிசை தொடங்கின ஒருத்தர், ஒன்பதாம் மாதம் நோ போகேக்கை யாருக்கு நன்றி சொல்லுவார்? போத்தலுக்குத்தான். பரேஜ் தண்ணிக்கும் இதே நன்றியைத்தான் சொல்லியிருப்பார்கள்.

இதைப் பிரிச்சறிய ஒரே வழி, ஒரு பகுதி ஆக்களுக்கு மருந்தும் மற்றப் பகுதிக்கு மருந்தில்லாத வெறும் குளிசையும் கொடுத்து ஒப்பிடுவது. அப்படி ஒப்பிட்ட ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்து, அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 2015இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. விற்றமின் ஈ, தமொக்சிபென், புரோகாபசின், ஒமேகா 3, விற்றமின் ஈயோடு எல்-கார்னிற்றின் சேர்த்தது: இவற்றை இந்த நோய்க்கு வாயால் கொடுக்க வேண்டாம் எண்டு அது வைத்தியர்களுக்கே சொல்கிறது.

அந்தப் பட்டியலை வாசிக்கேக்கை எங்களுக்கு ஒவ்வொரு தீவு வீட்டு அலுமாரியும் ஞாபகம் வந்தது. கனடா, பாரிஸ், சூரிச், லண்டனில் இருந்து கோயில் திருவிழாவுக்கு வாற மாமாமார் சொக்கலேற்றோடை சேர்த்துக் கொண்டுவாற போத்தல்கள் என்ன? விற்றமின் ஈ, மீனெண்ணெய். மீன் பிடிக்கிற தீவுக்கு மீனெண்ணெய்க் குளிசை! அன்பிலை கொண்டுவாறது, அதிலை குறை சொல்ல ஏலாது. ஆனால் அன்பிலை தந்த போத்தலில் ஒருத்தர் ஏழு மாதத்தைக் கரைச்சுப்போட்டார்.

அப்ப வைத்தியசாலையில் என்ன செய்வார்கள்? முதல் கட்டத்தில் நோவுக்கு மருந்து. வளைவு கொஞ்சமாக இருந்து, வாழ்க்கைக்கு இடைஞ்சல் இல்லையெண்டால், ஒண்டும் செய்யாமல் கவனித்துக்கொண்டிருப்பதும் ஒரு சிகிச்சைதான். தழும்புக்குள் ஊசி போடுகிற முறை இருக்கு. கொலஜனைக் கரைக்கிற நொதி ஒன்று, ஒரு பக்ரீரியாவிலிருந்து எடுக்கப்படுவது, 2013 டிசம்பரில் அமெரிக்காவில் இந்த நோய்க்கு அனுமதி பெற்றது. 30 பாகைக்கு மேல் வளைவும் தொட்டால் தெரிகிற தடிப்பும் உள்ளவர்களுக்குத்தான் அது. விலை ஒரு குப்பி ஆயிரக்கணக்கான டொலர். 2020இல் வணிகக் காரணங்களுக்காக அதை ஐரோப்பியச் சந்தையிலிருந்து எடுத்தும்விட்டார்கள். ஆனபடியால் பாரிசில் இருக்கிற மாமாவுக்கும் அது இலேசில் கிடைக்காது. உறுப்பை மெதுவாக இழுத்து நீட்டுகிற கருவிகளையும் சில வைத்தியர்கள் பரிந்துரைக்கிறார்கள். வளைவு நிலைத்த பிறகு, உடலுறவுக்கு இடைஞ்சல் எண்டால், சத்திரசிகிச்சை. 1965இல் நெஸ்பிற் எண்ட அமெரிக்க வைத்தியர் பிறவி வளைவுக்குச் செய்த முறையை, 1979இல் இங்கிலாந்தில் இந்த நோய்க்கும் பயன்படுத்திக் காட்டினார்கள். வளைவுக்கு எதிர்ப்பக்கத்தைச் சுருக்கி நேராக்குவது அதன் அடிப்படை. அதனால் நீளம் கொஞ்சம் குறையலாம், இதை முதலே சொல்லித்தான் செய்வார்கள்.

விளம்பரத்துக்கும் வைத்தியத்துக்கும் உள்ள வித்தியாசம் இதிலேயே தெரியும். வைத்தியம் இழப்பையும் சேர்த்துச் சொல்லும். விளம்பரத்தில் இழப்பே இல்லை.

எங்கட கடலில் இருந்து போற மருந்து

வேண்டுறது மட்டுமில்லை, விற்கிறதும் எங்களிட்டை இருக்கு. கடல் அட்டை. தீவுப்பகுதிச் சனம் அதைச் சாப்பிடுறேல்லை. அவித்து, துப்பரவாக்கி, காய வைத்து, சிங்கப்பூர், ஹொங்கொங், சீனாவுக்கு அனுப்புவார்கள். அங்கே அதன் பேரே கடல் ஜின்செங் எண்ட அர்த்தத்தில் வருகிறது. உடம்புக்கும் ஆண்மைக்கும் பலம் எண்டு நம்பி வேண்டுகிறார்கள். இந்தியா 2001இல் கடல் அட்டை பிடிப்பதை முழுக்கத் தடை செய்தது. இலங்கையில் அனுமதிப்பத்திரத்தோடு பிடிக்கலாம். ஒரே கடலில் இரண்டு சட்டம். கடந்த சில வருசங்களில் எங்கட கரையோரங்களில் அட்டைப் பண்ணைகள் பெருகினதும், இறங்குதுறையும் வலை விரிக்கிற இடமும் போகுது எண்டு மீனவர்கள் எதிர்த்ததும் உங்களுக்குத் தெரியும். ஏதோ ஒரு ஊரில் ஒரு ஆம்பிளையின் பயத்துக்கு இருக்கிற விலைதான், இங்கை எங்கட களப்பில் கம்பி வலையா நிக்குது.

கடல் அட்டையைத் தொட்டால் அது விறைத்துக்கொள்ளும். அதன் உடற்சுவரில் இருக்கிற கொலஜன் இறுகவும் இளகவும் கூடியது. அது ஆண்மை மருந்தானதுக்கு அந்தத் தோற்றமும் ஒரு காரணமாக இருக்கும் எண்டு நாங்கள் நினைக்கிறம். ஆனால் பெய்ரோனி நோய்க்காரருக்குப் பிரச்சினை கொலஜன் குறைந்தது இல்லை, கூடாத இடத்தில் கூடிப் போய் இளகாமல் நிற்கிறது. அதுவும் விழுங்கின கொலஜன் வயிற்றில் சமிபாடடைந்து, மற்றப் புரதம் மாதிரி உடையும். அது உறுப்பைத் தேடிப் போகாது.

நெருஞ்சிலும் இதே கதைதான். எங்கட மணல் நிலத்தில் காலில் குத்துகிற முள். பரியாரிமார் சிறுநீர்க் கோளாறுக்குப் பாவிக்கிற மூலிகை. 1980களில் பல்கேரியாவில் குளிசையாகி, பிறகு உலகம் முழுக்க ஆண்மைப் போத்தலாகியது. பரியாரியாரை நாங்கள் குறை சொல்லேல்லை. அவர் நாடி பிடித்து, ஆளைப் பார்த்து, கேள்வி கேட்டு மருந்து கொடுக்கிறவர். போத்தல் ஆளையே பார்க்கிறேல்லை. அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி உணவுத் துணைப்பொருள்களை விற்க முதல் அவை வேலை செய்யும் எண்டு நிரூபிக்கத் தேவையில்லை. இயற்கை எண்டு விற்ற ஆண்மைக் குளிசைகள் பலவற்றுக்குள், வயாகராவில் இருக்கிற சில்டெனபில் ஒளிச்சுக் கலந்திருந்ததை அந்த நாட்டு மருந்து நிர்வாகமே திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. நெஞ்சுநோவுக்கு நைத்திரேற்று மருந்து எடுக்கிற ஒருத்தர் தெரியாமல் அதை விழுங்கினால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழும். இந்தியாவில் இப்படியான விளம்பரங்களைத் தடுக்க 1954இலேயே சட்டம் வந்தது. இலங்கையில் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் மருந்துகளோடு, மருந்துக்கும் உணவுக்கும் இடையில் நிற்கிற பொருள்களையும் கட்டுப்படுத்துகிறது. சட்டம் இருக்கு, போனுக்குள் வாற குரலுக்கு அது எட்டுதில்லை.

மானிப்பாயில் இருந்த சொற்கள்

எங்களை மிகவும் யோசிக்க வைச்சது கடைசியில் வந்த விசயம். அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். 1848இலிருந்து மானிப்பாய், 1873 வரைக்கும். மதம் பரப்பவும்தான் வந்தவர், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் 1860களில் அவர் எடுத்த முடிவு பெரியது: மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பிப்பது. மாணவர்களோடு சேர்ந்து ஆங்கிலப் பாடநூல்களைத் தமிழாக்கினார். 1867இல் சத்திரசிகிச்சைக்கு 'இரண வைத்தியம்', 1872இல் உடற்கூற்றுக்கு 'மனுஷ அங்காதிபாதம்', 1875இல் இரசாயனத்துக்கு 'கெமிஸ்தம்'. அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் வைத்தியர்களைப் பயிற்றுவித்தார். உடம்பின் எந்தப் பகுதிக்கும் தமிழில் பேர் இருக்க வேணும், அந்தப் பேரை வைத்தியரும் நோயாளியும் சொல்லக் கூடியதாக இருக்க வேணும் எண்ட எண்ணம் நூற்றைம்பது வருசத்துக்கு முதலே காரைநகரில் இருந்து கொஞ்சத் தூரத்தில் இருந்திருக்கு.

இண்டைக்கு நிலைமையைப் பாருங்கோ. பாமசியில் தாற துண்டு இங்கிலீசில். கிளினிக் கொப்பி இங்கிலீசில். வெட்கப்படாமல், தடுமாறாமல், எங்கட உடம்பைப் பற்றி எங்களோடு நல்ல தமிழில் கதைக்கிற ஒரே ஆள் விளம்பரக்காரன்தான். அவன்ரை வியாபாரத்தின் முதல் அவன்ரை குளிசை இல்லை, எங்கட மௌனம். டுல்ப்பின் காலத்தில் இருந்து இந்த நோய்க்காரர் தனிச்சுத்தான் இருந்திருக்கினம், தனிச்சிருக்கிறவனுக்கு எந்தத் தண்ணியும் விற்கலாம். இந்த நோய் வந்தவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாகக் காணப்படுகிறது எண்டு வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். அதுக்கும் போத்தலில் மருந்தில்லை.

இரண்டு கிழமை கழிச்சு அந்த அண்ணாவைத் திரும்பக் கண்டம். அதே இறங்குதுறை. நாங்கள் வாசிச்சதைச் சொன்னம். புற்றுநோய் இல்லை எண்ட இடத்தில் அவர் முகம் மாறினது. அவ்வளவு நாளும் அந்தப் பயமும் இருந்திருக்கு, கேட்கத்தான் ஆளில்லை. பிறகு அவர் கேட்டது எங்களை நிப்பாட்டிப்போட்டுது: "அது சரி தம்பி, டொக்டரிட்டைப் போய் தமிழிலை என்னெண்டு சொல்லுறது?"

நாங்கள் கொப்பியிலிருந்து ஒரு தாள் கிழிச்சு எழுதிக் குடுத்தம். உங்களுக்கோ உங்கட அப்பாவுக்கோ மாமாவுக்கோ தேவைப்படலாம், ஆனபடியால் இங்கேயும் எழுதுறம்:

"ஆண்குறியில் ஒரு இடத்தில் தடிப்பு இருக்கு. எழும்பேக்கை வளையுது. இத்தனை மாதமா இருக்கு. நோ இருக்கு, அல்லது இல்லை. வளைவு கூடிக்கொண்டு வருது, அல்லது ஒரே மாதிரி நிக்குது. இன்ன குளிசை எடுத்தனான்."

இவ்வளவும் போதும். ஊர்காவற்றுறையோ நெடுந்தீவோ, பக்கத்து அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் இதைச் சொன்னால், அங்கிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தருவினம். அரச வைத்தியசாலையில் பார்க்கக் காசில்லை. படகுக்கும் பஸ்ஸுக்கும் ஒரு நாள் போகும், அவ்வளவுதான். சொல்ல வெட்கமெண்டால் தாளை அப்படியே நீட்டலாம்.

அவர் தாளை இரண்டா மடிச்சுச் சேட்டுப் பொக்கற்றில் வைச்சார். படகு வந்தது. இந்த முறை அவர் ஏறேல்லை. யாழ்ப்பாணம் போற பஸ் நிக்கிற பக்கம் நடந்தார்.